தடைகளின் நடுவே தேவனுடைய நடத்துதல்

வேதபாடம்: அப்போஸ்தலர் 16:6-15



இம்மாதப் பாடத்தை ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. நெடுநாள் சர்க்கரை நோயாளி. வயலில் காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை, உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. விரல்கள் கறுத்த பிறகே வீட்டார் கூட்டிவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். முதலில் குறித்த நாளில் சர்க்கரை மிக அதிகமாக இருந்ததால் தள்ளிவைத்தார்கள். இரண்டாம் முறை, இரத்தம் கொடுக்க வந்த உறவினர் இருவருக்கும் இரத்தசோகை என்று தெரியவந்தது. மூன்றாம் முறை, சாலை விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசரமாகத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை ஜெபத்துக்குப் போனபோது அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மூணு தரம் தள்ளிப்போச்சு. காலை எடுக்க வேண்டாம்னு கர்த்தர்தானே தடுக்கிறார்? வீட்டுக்குப் போயிடறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

இது வார்டில் மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல. நீங்கள் எழுதும் கடிதங்களிலும் இதையே வாசிக்கிறோம். மகனுக்கு வேலை கைகூடும் சமயத்தில் நழுவுகிறது. மகளுக்கு வந்த வரன்கள் தட்டிப்போகின்றன. ஆலயம் கட்ட அனுமதி கிடைக்காமல் ஆண்டுகள் கழிகின்றன. தடை வந்திருக்கிறது. இது ஆண்டவர் அடைத்த கதவா, நாம் இன்னும் தட்ட வேண்டிய கதவா?

வேதத்தில் இந்தக் கேள்விக்கு மிக அருகில் நிற்கும் பகுதி பவுலின் இரண்டாம் மிஷனெரிப் பயணம். பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் கலாத்தியா நாட்டைக் கடந்து வருகிறார்கள். எதிரே ஆசியா. வேதத்தில் ஆசியா என்றால் இன்று நாம் சொல்லும் கண்டம் அல்ல. எபேசுவைத் தலைநகராகக் கொண்ட ரோம மாகாணம், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. அங்கே வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் தடை செய்தார். சரி, வடக்கே போவோம் என்று கருங்கடலோரமான பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. இடதுபுறமும் அடைப்பு, வலதுபுறமும் அடைப்பு. மீசியாவைக் கடந்து, கடற்கரைப் பட்டணமாகிய துரோவாவில் வந்து நின்றார்கள். அதற்கு மேல் கால் வைக்க நிலம் இல்லை.

இத்தனையும் லூக்கா மூன்றே வசனங்களில் சொல்லிவிடுகிறார். நாமும் வேகமாக வாசித்துவிடுகிறோம். ஆனால் அது நூற்றுக்கணக்கான மைல் நடை, வாரக்கணக்கான பயணம். ஒவ்வொரு ஊரிலும் சத்திரம் தேட வேண்டும், உணவு தேட வேண்டும். அந்த வாரங்களில் அவர்களுக்குக் கிடைத்த நடத்துதல் எல்லாம் 'இங்கே அல்ல' என்பது மட்டுமே. 'எங்கே' என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊழியத்தில் மிகுந்த களைப்பைத் தருவது வேலை அல்ல, இப்படிப்பட்ட வாரங்கள்தான் என்பது எங்கள் அனுபவம்.

ஆவியானவர் எப்படித் தடுத்தார்? லூக்கா சொல்லவில்லை. சீலா ஒரு தீர்க்கதரிசி (அப். 15:32), அவர் மூலமாக ஒரு வார்த்தை வந்திருக்கலாம். பவுலின் சரீர பலவீனமாக இருந்திருக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கலாத்தியருக்கு முதன்முதல் சுவிசேஷத்தை அறிவிக்க நேர்ந்ததே ஒரு வியாதியினால்தான் என்று அவரே எழுதியிருக்கிறார் (கலா. 4:13). லூக்கா திறக்காத இடத்தை நாமும் திறக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கிறோம்: தடை வந்தபோது அவர்கள் திரும்பி அந்தியோகியாவுக்குப் போய்விடவும் இல்லை, அடைத்த கதவை உடைக்கவும் இல்லை. திறந்திருந்த பாதையில் அடுத்த ஊர்வரை நடந்தார்கள்.

துரோவாவில் இரவு தரிசனம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று உதவிக்கு அழைக்கிறான். இங்கேதான் வேதமாணவர்கள் கவனிக்கும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை 'அவர்கள் போனார்கள், அவர்கள் வந்தார்கள்' என்று எழுதிக்கொண்டு வந்த லூக்கா, 10ஆம் வசனத்தில் திடீரென்று 'நாங்கள்' என்று எழுதுகிறார். துரோவாவில் அவர் குழுவோடு சேர்ந்துகொண்டார் என்பதற்கு இதுவே அடையாளம். அவர் யார்? பிரியமான வைத்தியன் என்று கொலோசெயர் 4:14 சொல்கிறது. பவுல் ஆசியாவிலோ பித்தினியாவிலோ தங்கியிருந்தால், துரோவாவில் இந்த மருத்துவரோடு கப்பல் ஏறியிருக்க முடியாது. மருத்துவமனை ஊழியத்திலிருக்கிற எங்களுக்கு இந்த வசனம் அதிகப் பிரியமானதில் ஆச்சரியமில்லை!

இன்னொன்று. தரிசனத்தைக் கண்டது ஒருவர். ஆனால் கர்த்தர் அழைக்கிறார் என்று 'நாங்கள்' நிச்சயித்தோம் என்றே லூக்கா எழுதுகிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துதல், இணைத்துச் சேர்த்தல் என்று பொருள். சரீரம் கணுக்களால் இணைக்கப்பட்டிருக்கிறது என்று எபேசியர் 4:16இல் சொல்லும்போதும் இதே சொல்தான். செமினரியில் கிரேக்க வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உடைந்த துண்டுகள் எப்படிச் சேரும் என்று மற்றவர்களோடு பேசிப் பார்ப்பதைக் கண்ட பிறகே அந்தச் சொல் விளங்கிற்று. ஆசியாவில் தடை, பித்தினியாவில் தடை, துரோவாவில் புதிதாகச் சேர்ந்த தோழர், இரவில் கண்ட தரிசனம். இவற்றை நால்வரும் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தார்கள். ஒரு தடையை மட்டும் தனியே கையில் எடுத்து, 'இதோ தேவசித்தம்' என்று அவர்கள் சொல்லவில்லை.

கப்பல் ஏறினார்கள். காற்று சாதகம். சாமோத்திராக்கே தீவு வழியாக இரண்டே நாளில் நெயாப்போலி. ஆகா, தேவன் வழியைத் திறந்தார் என்று நாம் சாட்சி சொல்லுவோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே கடலை எதிர்ப்பக்கமாகக் கடக்க ஐந்து நாள் பிடித்தது (அப். 20:6). அந்தப் பயணம் தேவசித்தம் இல்லாததா? காற்றை வைத்துச் சித்தத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இது போதும். இது போதாதென்றால் பிலிப்பியில் நடந்ததைப் பாருங்கள். இவ்வளவு தெளிவாக அழைக்கப்பட்டுப் போன ஊரில், வஸ்திரத்தைக் கிழித்து, அடித்து, தொழுமரத்தில் கால்களை மாட்டினார்கள். சரியான வழியில் தடை வராது என்று எண்ணுகிறவர்கள் இந்த அதிகாரத்தின் பிற்பகுதியையும் வாசிக்க வேண்டும்.

அதற்கு முன் ஆற்றங்கரையில் ஒரு சம்பவம். தரிசனத்தில் கண்டது ஒரு ஆண். பிலிப்பியில் முதலாவது கர்த்தர் இருதயத்தைத் திறந்ததாக லூக்கா சொல்வது ஒரு பெண்ணை. இரத்தாம்பரம் விற்கிற லீதியாள். எந்த ஊர்? தியத்தீரா. அது எங்கே இருக்கிறது? ஆசியா மாகாணத்தில்! போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட நாட்டுக்காரி, கடலுக்கு அப்பால் காத்திருந்தாள். பின்பு பவுல் எபேசுவிலேயே இரண்டு ஆண்டுகள் போதித்தபோது ஆசியாவில் குடியிருந்தவர்கள் யாவரும் வசனத்தைக் கேட்டார்கள் (அப். 19:10). பித்தினியா? பவுல் அங்கே போனதாக வேதத்தில் இல்லை. ஆனால் பேதுரு தம்முடைய முதலாம் நிருபத்தின் முதல் வசனத்திலேயே பித்தினியாவிலுள்ள விசுவாசிகளை வாழ்த்துகிறார். ஏறக்குறைய கி.பி. 112இல் அந்த மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம அதிகாரி, பட்டணங்களில் மட்டுமல்ல கிராமங்களிலும் கிறிஸ்தவர்கள் பரவிவிட்டார்கள் என்று டிராஜன் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார். ஆக, ஒரு கதவு 'இப்போது அல்ல' என்று அடைபட்டது. மற்றொன்று 'உன் மூலமாக அல்ல' என்று அடைபட்டது. வெளியே நின்றபோது இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் தெரிந்திருக்கும்.

எல்லாத் தடையும் ஆவியானவர் வைப்பதுதானா என்றால், அல்ல. தெசலோனிக்கேயாவுக்குத் திரும்பப் போகப் பவுல் ஒருதரம் அல்ல, இரண்டுதரம் முயன்றார், சாத்தான் எங்களைத் தடைபண்ணினான் என்று நேராக எழுதுகிறார் (1 தெச. 2:18). அந்தத் தடைக்கு அவர் அடங்கிப்போகவில்லை. தீமோத்தேயுவை அனுப்பினார். பிறகு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக இன்றும் நம் கையில் இருக்கிறது. ஒரே அப்போஸ்தலன், ஒரே பயணம். ஒரு தடைக்கு விலகினார், மற்றொன்றைச் சுற்றிக்கொண்டு போனார்.

வித்தியாசத்தை எப்படி அறிவது? சுருக்குவழி தேடுகிறோம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து ஆண்டு முழுவதையும் தீர்மானிக்கிறவர்கள் உண்டு. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறவர்கள் உண்டு. அட்டையிலுள்ள வசனம் ஆறுதல் தரும், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அது சீட்டு அல்ல. கிதியோன் தோலைப் போட்டான் என்பார்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முழுதும் வாசித்தால், தோலைப் போடுமுன்னரே தேவன் அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டார் என்று காண்போம். தோல் அவனுடைய பயத்துக்காக. வழி அறிவதற்காக அல்ல. தேவன் அவனுடைய பயத்தைப் பொறுத்துக்கொண்டார் என்பதில் நமக்கு ஆறுதல் உண்டு.

இங்கே எங்கள் குறையையும் அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஊழியத்தில் அனுபவம் குறைந்த நாட்களில், கிராமங்களில் வேதம் வாசித்துக் காட்டும் ஊழியம் செய்த ஓர் அம்மா மார்பில் கட்டியோடு வந்தார்கள். அறுவை சிகிச்சை இரண்டு தரம் தள்ளிப்போயிற்று. ஒருதரம் மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை, மறுதரம் அவர்களுக்குக் காய்ச்சல். கத்தி இல்லாமலே கர்த்தர் சுகம் தருவார் என்பதற்கு இது அடையாளம் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். எங்களைக் கேட்டார்கள். அவர்களுடைய விசுவாசத்தைத் தடுக்க நாங்கள் யார் என்று எண்ணி, தேவசித்தம் போல் ஆகட்டும் என்று ஜெபித்து அனுப்பிவைத்தோம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது. அவர்கள் எங்களைக் குறை சொல்லவே இல்லை. சங்கீதம் வாசியுங்கள் ஐயா என்றார்கள். வாசித்தோம். வாசித்த குரல் எங்களுடையதாகவே இல்லை.

ஒரு தடையைத் தனியே எடுத்து வியாக்கியானம் பண்ணுவது எவ்வளவு ஆபத்து என்று அந்த அம்மாவின் படுக்கையருகில் கற்றோம். அவர்களோடு உட்கார்ந்து பொருத்திப் பார்க்க ஒரு லூக்காவை நாங்கள் அழைக்கவில்லை. அது எங்கள் பிழை. எசேக்கியாவுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் வைக்கச் சொன்னான் ஏசாயா (ஏசா. 38:21). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அறையில் இருந்தன. இதை அன்று அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

தடையே அழைப்பாக மாறியதும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். 1870இல் இராணிப்பேட்டையில் மிஷனெரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனெரியாக வர விருப்பமில்லாதவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர் தாயாரின் சுகவீனத்தினால் 1890இல் திண்டிவனம் வந்தார்; விரைவில் திரும்பிவிடுவதே எண்ணம். ஒரு நாள் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர் வந்து பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். தகப்பனார் மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா திரும்பிப் போனார், ஆனால் மருத்துவம் படிப்பதற்கு. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வந்தார். 1902இல் வேலூரில் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இதைப் பிரசங்கத்தில் சொல்லும்போது ஒரு எச்சரிப்பு வேண்டும். ஐடாவை அழைப்பதற்காக அந்த மூன்று பெண்களையும் தேவன் சாகவிட்டார் என்று சொல்ல எங்களுக்கு நாவு எழும்பவில்லை. அவர்கள் ஒருவருடைய சாட்சிக்கான உவமைகள் அல்ல. பிள்ளை பெறப் படுத்தவர்கள். அவர்களைக் கொன்றது அக்காலத்து வழக்கமும் பெண் மருத்துவர் இல்லாத குறையும். தேவன் அந்தத் துக்கத்தின் நடுவிலும் பேசினார் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லக் கூடாது.

அம்மையாரின் பிற்காலத் தடையை அதிகம் பேர் சொல்வதில்லை. 1930களின் பிற்பகுதியில், பழைய டிப்ளமா படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்குப் பெரும் பணமும் பேராசிரியர்களும் வேண்டும். ஆண்களையும் சேர்த்துப் பல சபைகள் கூட்டாக நடத்தினாலொழிய வழியில்லை என்று ஆயிற்று. பெண்களுக்கென்றே ஆயுள் முழுவதும் உழைத்தவருக்கு அது எளிதாக இருந்திருக்குமா? பெண்களுக்கென்றே காணிக்கை கொடுத்துவந்த உண்மையான சிநேகிதர்கள் சிலர் மனம் நொந்தார்கள். எழுபது வயதில் அமெரிக்காவுக்குப் போய் அவர் நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கிற்று; 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அன்று எதிர்த்தவர்களும் ஜெபித்தவர்கள்தான். நடத்துதலைத் தேடுகிற தேவபிள்ளைகள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று எண்ணக் கூடாது. பங்காளர்களாகிய உங்களில் சிலர், நம் மருத்துவமனை எடுத்த ஒரு தீர்மானத்தை ஏற்க முடியாமல் எழுதிய கடிதங்களையும் இந்த நினைவோடுதான் வாசிக்கிறோம்.

விவசாயியிடம் திரும்புவோம். அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை, விசுவாசமில்லையா என்றும் அதட்டவில்லை. அவருடைய அண்ணனையும் மனைவியையும் வரவழைத்தோம். வார்டு சிஸ்டர் ஒரு ஸ்டூல் போட்டார்கள். மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்து வந்து உட்கார்ந்தார். நடந்த மூன்று தடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். முதல் தடை உண்மையில் தடையே அல்ல. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது அறுத்தால் புண் ஆறாது, சீழ் வைக்கும் என்று உயிரைக் காக்கவே தள்ளிவைத்தார்கள். இரண்டாவதில் உறவினர்களுடைய நோய் வெளியே வந்தது, அவர்களுக்கும் இப்போது மாத்திரை கொடுக்கப்படுகிறது. மூன்றாவதில் வேறொரு குடும்பத்தின் பிள்ளை பிழைத்தது. தாமதித்தால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டார். "இன்னும் சில நாள் போனால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். அதற்கும் பிந்தினால் உயிருக்கே ஆபத்து" என்றார் மருத்துவர்.

யாரும் பேசவில்லை. அவருடைய மனைவிதான் கடைசியில், "முழங்கால் இருந்தா மண்டி போட்டு ஜெபமாவது பண்ணலாம்ல?" என்றார்கள். அவர் சிரித்துவிட்டார். பிறகு அழுதார். பிறகு விரல் ரேகை வைத்தார். எங்கள் நர்சிங் மாணவிகளில் இரண்டு பேர் அன்று மாலையே இரத்தம் கொடுத்தார்கள்.

நான்காம் முறை தடை வரவில்லை. அதனால் இதுதான் தேவசித்தம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. காற்றை அளக்கக் கூடாது என்று மேலே எழுதினோமே! இப்போது அவர் பிசியோதெரபி அறையில் இரண்டு இணைக் கம்பிகளைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறார். புண் நன்றாக ஆறி வீக்கம் வற்றிய பிறகுதான் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க முடியும். வழுக்கும் வரப்பின்மேல் அந்தக் காலை ஊன்றி நடக்க முடியுமா என்று தினமும் கேட்கிறார். பயிற்சியாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்காகவும், அண்ணன் கையிலிருக்கும் கடனுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.